பூட்டில் பொறித்த எழுத்து
திப்பு சுல்தானின் துப்பாக்கிகளும் நம் வாசிப்பும்

சில ஆண்டுகளுக்கு முன் அரபுக் கல்லூரி மாணவர் ஒருவர் ஓர் ஏல நிறுவனத்தின் விலைப்பட்டியலில் வந்திருந்த படம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செய்யப்பட்ட பழைய துப்பாக்கியின் படம் அது. எஃகில் செதுக்கிய புலித்தலையும் அதனருகே பொன்னிழைத்த எழுத்துகளும் தெளிவாகத் தெரிந்தன. ‘ஹஜ்ரத், இதில் ஆண்டு 2221 என்றிருக்கிறது. ஹிஜ்ரியும் அவ்வளவு ஆகவில்லை, கிறிஸ்தவ ஆண்டும் அவ்வளவு ஆகவில்லையே?’ என்று கேட்டார். கொல்லன் எழுத்தறியாதவனாக இருந்திருப்பான், எண்களை மாற்றிப் பொறித்துவிட்டான் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

பிழை கொல்லனுடையதன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். முப்பது ஆண்டுகள் அரபு எழுத்தைக் கற்பித்துவரும் ஒருவர், இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கம்மியரின் எழுத்தைப் படிக்கத் தெரியாமல் பழியை அவர்மேல் போட்டார் என்பதே நடந்தது. அந்த வெட்கத்திலிருந்து பிறந்தது இக்கட்டுரை. திப்பு சுல்தானின் துப்பாக்கிகளை, குறிப்பாக அவற்றின் அணிசெய்யப்பட்ட பூட்டுகளை, சேகரிப்பவர்களும் ஆராய்பவர்களும் எவ்வாறு படிக்கிறார்கள், நாம் எவ்வாறு படிக்கிறோம், இரண்டிலும் விடுபடுவது எது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

பூட்டு என்னும் பொறி

துப்பாக்கியில் மருந்தைப் பற்றவைக்கும் பொறியமைப்பை ஆங்கிலத்தில் ‘லாக்’ என்பர். அதனைப் பூட்டு என்றே இங்குக் குறிக்கிறேன். தொடக்ககாலத் துப்பாக்கிகளில் எரியும் திரியே இவ்வேலையைச் செய்தது. பின்னர் வந்தது சக்கிமுக்கிப் பூட்டு. இதில் ‘குதிரை’ எனத் தமிழில் வழங்கும் உறுப்பு ஒரு சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வி நிற்கும். விசையை இழுத்ததும் உள்ளே மடங்கியிருக்கும் பட்டைவில் அதனை முன்னே பாய்ச்சும். கல் ஓர் எஃகுத் தகட்டில் உரசும். அத்தகடு விலகி, கீழேயுள்ள சிறு கிண்ணத்தைத் திறக்கும். சிதறும் பொறி கிண்ணத்து மருந்தில் விழுந்து, குழலின் பக்கத்துளை வழியாக உள்ளிருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழவேண்டும். வில்லின் பதமோ தகட்டின் பதமோ சற்றுப் பிசகினாலும் துப்பாக்கி வெடிக்காது. ஆகவே துப்பாக்கி செய்யும் கலையில் பூட்டுச் செய்பவரே தலையாய கம்மியர்.

இத்தொழிலின் சொற்களே ஒரு வரலாற்றைச் சொல்கின்றன. துப்பாக்கி என்னும் நம் சொல் துருக்கியரின் ‘தூஃபெக்’ என்பதன் வழிவந்தது. சக்கிமுக்கியும் துருக்கியரின் ‘சக்மாக்’ என்பதிலிருந்து பாரசீகமும் இந்துஸ்தானியும் கடந்து நம்மிடம் சேர்ந்தது. ஆனால் குதிரை நம்முடையது. கல்லைக் கவ்வும் அவ்வுறுப்பை ஆங்கிலேயர் சேவல் என்றனர், தமிழர் குதிரை என்றனர். மைசூர்க் கம்மியரோ அதனைப் புலியாகவே வார்த்துவிட்டனர். திப்புவின் துப்பாக்கிகள் பலவற்றில் கல்லைத் தாடைகளில் கவ்விப் பாயக் காத்திருப்பது ஒரு புலிதான். பூட்டின் இயக்கமே புலியின் பாய்ச்சலாகிவிடுகிறது. பூட்டு வேலை செய்யும் முறையையே அணியாக மாற்றிய இக்கற்பனை, மேலே ஒட்டவைத்த அலங்காரத்தினும் உயர்ந்தது.

திப்பு 1782 முதல் 1799 வரை ஆண்டார். ஐரோப்பியத் தொழில்நுட்பத்தை அறிந்துகொள்வதில் அவருக்கிருந்த ஆர்வம் நன்கறியப்பட்டது. 1788இல் பிரான்சு மன்னர் பதினாறாம் லூயியிடம் சென்ற அவருடைய தூதுக்குழு, படைத்துணையோடு கைவினைஞர்களையும் கேட்டது. ஆயினும் மைசூர்ப் பூட்டை ஐரோப்பியப் பூட்டின் நகல் என்று ஒதுக்கிவிட இயலாது. அதன் பொறியமைப்பை ஐரோப்பாவிலிருந்து கற்றனர், உருவத்தையும் எழுத்தையும் தம் மரபிலிருந்து எடுத்தனர். சோடியாகச் செய்த கைத்துப்பாக்கிகளில் ஒன்றுக்கு வலப்புறமும் மற்றதற்கு இடப்புறமும் பூட்டு அமைத்த வழக்கமும் அங்கிருந்தது. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்று மற்றொன்றின் கண்ணாடி நிழலாகத் தோன்றும்.

வலமிருந்து இடமாக ஓர் ஆண்டு

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். அரபு எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது, எண்களோ இடமிருந்து வலமாக எழுதப்படுவன. இதனை நாம் அறிவோம், சிறுவயதிலேயே பழகிவிட்டோம். திப்பு 1780களின் பிற்பகுதியில் ஹிஜ்ரி ஆண்டை விடுத்துப் புதிய ஆண்டுமுறை ஒன்றைக் கொண்டுவந்தார். மௌலூதீ என வழங்கும் அதன் பெயர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பைக் குறிப்பது. அதனோடு எண்களையும் எழுத்தைப் போலவே வலமிருந்து இடமாக எழுதும் வழக்கத்தைப் புகுத்தினார். அவருடைய நாணயங்களிலும் இவ்வழக்கம் காணப்படுகிறது. ஆகவே நம் கண்ணுக்கு 2221 எனத் தோன்றுவது, அவருடைய முறைப்படி 1222. அது கிறிஸ்தவக் கணக்கில் 1793–94ஆம் ஆண்டு.

இத்துடன் முடியவில்லை. அவ்வாட்சியில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. 1222ஆம் ஆண்டின் பெயர் ‘ஸாஹிர்’. மந்திரக்காரன் என்னும் பொருளுள்ள இச்சொல்லை ஓர் ஆண்டுக்கு ஏன் இட்டார்கள்? நாம் கற்ற அப்ஜத் கணக்கில் கூட்டினால் ஸீனுக்கு 60, அலிஃபுக்கு 1, ஹாவுக்கு 8, ராவுக்கு 200, ஆகமொத்தம் 269. இதற்குப் பொருளில்லை. திப்பு அப்ஜத் வரிசையை விடுத்து, அலிஃப், பா, தா, ஸா எனப் பள்ளிப்பிள்ளைகள் ஓதும் வரிசையிலேயே எழுத்துகளுக்கு மதிப்பிட்டார். அவ்வரிசையில் அலிஃப் 1, ஹா 6, ரா 10, ஸீன் 30. கூட்டினால் 47. அடுத்த ஆண்டின் பெயர் ‘ராஸிக்’. ரா 10, அலிஃப் 1, ஸீன் 30, கா 7, மொத்தம் 48. அதற்கடுத்தது ‘ஷாத்’. ஷீன் 40, அலிஃப் 1, தால் 8, மொத்தம் 49. ஆண்டுப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிக்கொண்டே செல்வதைக் காணலாம்.

எதனை எண்ணுகின்றன? நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்தால் போதும். பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது ஆண்டுச் சுழற்சியில் 47ஆவது ஆண்டு பிரமாதீச. 1747 பிரபவ ஆண்டாயின் 1793 பிரமாதீச. கணக்கு ஒன்றுக்கொன்று இம்மியும் பிசகாமல் பொருந்துகிறது. பாரசீக மொழியில் ஆவணம் எழுதிய ஓர் அரசு, தன் குடிமக்கள் வழிவழியாக எண்ணிவந்த ஆண்டுச் சுழற்சியை எடுத்து, அதற்கு அரபு எழுத்தின் ஆடையை உடுத்தியிருக்கிறது. இதனைச் சமயப் பொறை என்று போற்றுவோரும் உளர், நிருவாக வசதி என்று சுருக்குவோரும் உளர். விதைப்பும் அறுவடையும் வரி வசூலும் பருவத்தைச் சார்ந்தவை. சந்திரக் கணக்கில் செல்லும் ஹிஜ்ரி ஆண்டு பருவத்தோடு நில்லாது. ஆகவே வரி வாங்கும் அரசுக்குப் பருவத்தோடு நிற்கும் ஓர் ஆண்டு தேவைப்பட்டது என்பதே எனக்கு நேரிய விளக்கமாகப் படுகிறது. காரணம் எதுவாயினும், கன்னடத்துக் குடியானவரின் ஆண்டும் மதரஸாப் பிள்ளையின் அலிஃப் பாவும் ஒரே கணக்கில் சேர்ந்திருக்கின்றன என்பது மறுக்கவியலாத உண்மை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இப்பூட்டுகளிலும் குழல்களிலும் ‘ஹைதர்’ என்னும் பெயரின் எழுத்துகளைக் கொண்ட சிறு முத்திரை இடம்பெறும். ஹைதர் என்பதன் அப்ஜத் மதிப்பு 222. ஆண்டோ 1222. இதனைக் கண்டதும் மறைபொருள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக மனம் துள்ளும். எனக்கும் துள்ளியது. ஆனால் இம்முத்திரை வேறு ஆண்டுகளின் துப்பாக்கிகளிலும் உண்டு. எழுத்தெண் கணக்கு தெரிந்தவருக்கு எங்கும் பொருத்தம் தென்படும். சான்று நிற்கும் இடத்தில் நாமும் நின்றுவிடுவதே கல்வி.

சேகரிப்பாளரின் வாசிப்பு

திப்புவின் சுடுகலன்களை முறையாக ஆராய்ந்த முதன்மையான நூல் ராபின் விகிங்டன் என்னும் ஆங்கிலேயர் 1992இல் வெளியிட்டது. அவர் தாமே ஒரு சேகரிப்பாளர். சிதறிக்கிடந்த துப்பாக்கிகளைத் தேடி, அளந்து, படமெடுத்து, ஒப்பிட்டுப் பதிவுசெய்த அவருடைய உழைப்பு இல்லையேல் இத்துறையில் பேசுவதற்கே அடிப்படை இராது. சேகரிப்பாளர் அனைவரையும் கொள்ளைப்பொருள் வணிகர் என்று ஏசுவது நன்றியன்று. பொருளைக் கையில் எடுத்து, திருகாணியைக் கழற்றி, உட்புறத்தைப் பார்த்து அறியும் அறிவு நூலறிவினால் வாராது. அவ்வறிவு அவர்களிடம் இருந்தது, நம்மிடம் இல்லை.

ஆயினும் அவ்வாசிப்பின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். விகிங்டனின் சேகரிப்பு 2005இல் லண்டனில் சோதபீஸ் நிறுவனத்தால் ஏலத்தில் விற்கப்பட்டது. 2015 ஏப்ரலில் போன்ஹாம்ஸ் நிறுவனம் திப்புவின் ஆயுதங்கள் முப்பதை ஏலமிட்டது. அவை 60 இலட்சம் பவுண்டுக்கும் மேல் விலைபோயின. 2023 மே மாதத்தில் அவருடைய படுக்கையறை வாள் ஒன்று மட்டும் 1 கோடியே 40 இலட்சம் பவுண்டைத் தொட்டது. இவ்விலைகளை உயர்த்துவது எது? வேலைப்பாடு ஓரளவே. இதனை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து எடுத்துச்சென்றவர் யார், அவர் குடும்பத்தில் யார் யார் கைக்கு இது மாறியது என்னும் வரலாறே பெரிதும் உயர்த்துகிறது.

ஹதீஸ் கலை பயின்றவர்களுக்கு இது பழக்கமான விஷயம். விலைப்பட்டியல் தருவது ஓர் இஸ்னாத். இன்னாரிடமிருந்து இன்னார், அவரிடமிருந்து இன்னார் என்று சங்கிலி அறுபடாமல் செல்கிறது. ஆனால் அது எங்கே தொடங்குகிறது? 1799 மே 4ஆம் நாள், கோட்டை வீழ்ந்து சுல்தான் ஷஹீதான அன்று தொடங்குகிறது. அதற்கு முன்னுள்ள கண்ணி விடுபட்டிருக்கிறது. நபித்தோழரை விடுத்துத் தாபிஈ நேரே அறிவிக்கும் செய்தியை முர்ஸல் என்போம். ஏலச்சாலையின் இஸ்னாத் முழுதும் இத்தகைய முர்ஸலே. செய்தவர் விடுபட்டு, எடுத்தவர் முதலிடம் பெறுகிறார்.

செய்தவரோ தம் பெயரை விட்டுச்சென்றிருக்கிறார் என்பதே வியப்பு. 1793–94இல் செய்யப்பட்ட வேட்டைத் துப்பாக்கி ஒன்றில் அசத் கான் முஹம்மது என்னும் கம்மியரின் பெயர் உள்ளது. ஒரே குழலில் மீண்டும் மருந்திடாமல் இருமுறை சுடும் நுட்பத்தை அவர் அதில் அமைத்தார். அசத் என்றால் சிங்கம். புலிச் சின்னம் பொறித்த சுல்தானுக்குச் சிங்கத்தின் பெயர் கொண்டவர் துப்பாக்கி செய்தார். 2023இல் பிரித்தானிய அரசு இத்துப்பாக்கி நாட்டைவிட்டு வெளியேறாதிருக்க ஏற்றுமதிக்குத் தற்காலிகத் தடை விதித்தது. மதிப்பு 20 இலட்சம் பவுண்டு என்றது. கொள்ளை போன இடத்திலிருந்து நோக்கினால் இத்தடை விந்தையாகத் தோன்றும். ஆயினும் தடையாணையின் வழியாகவேனும் அசத் கான் முஹம்மதின் பெயர் உலகச் செய்தியில் இடம்பெற்றது. அவரை நினைவுகூர்ந்த கட்டுரை நம் இதழ்களில் ஒன்றேனும் வந்ததாக என் நினைவில் இல்லை.

பூட்டை மட்டும் கழற்றிச் சேகரிக்கும் வழக்கம் இன்னொரு கேடு. மரக்கட்டை உளுத்துப்போகும், குழல் பெரிது, பூட்டோ கைக்கடக்கமானது, கண்ணாடிப் பேழையில் அழகாக நிற்கும். ஆனால் பூட்டு துப்பாக்கியிலிருந்து பிரிந்ததும் அதன் சாட்சியம் பாதியாகிவிடுகிறது. பூட்டில் ஒரு முத்திரையும் குழலில் வேறொரு எழுத்துமாக இருந்து, இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் விளங்கும் இடங்கள் உண்டு. மத்னை வெட்டியெடுத்து வைத்துக்கொண்டு அறிவிப்பாளரைத் தொலைத்துவிடுவதற்கு ஒப்பானது இது.

வென்றவர் எடுத்துக்கொண்ட எழுத்து

திப்புவின் ஆயுதங்களில் பலமுறை வரும் தொடர் ‘அசதுல்லாஹில் ஃகாலிப்’, வெற்றிகொள்ளும் அல்லாஹ்வின் சிங்கம் என்பது. அதனை நேராகவும் கண்ணாடி நிழலாகவும் எழுதி, இரண்டையும் பொருத்தி, ஒரு புலியின் முகமாக்கிவிடுவர். எட்ட நின்று பார்த்தால் புலி, கிட்டச் சென்றால் எழுத்து. இத்தொடர் அலீ (ரலி) அவர்களின் சிறப்புப்பெயராக வழங்குவது. இதனைக் கொண்டு திப்பு ஷீஆ மரபினர் என்று முடிவுகட்டுவோர் அவசரப்படுகிறார்கள். அலீ (ரலி) அவர்களைத் தம் ஸில்ஸிலாவின் தலைவராகக் கொள்ளும் சுன்னத் ஜமாஅத்தின் தரீக்காக்களை அறிந்த தமிழ் முஸ்லிமுக்கு இதில் வியப்பில்லை. திப்பு என்னும் பெயரே ஆற்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியாவின் நினைவாக இடப்பட்டதல்லவா?

இவ்வெழுத்தை உலகில் மிகக் கூர்மையாகப் படித்தவர்கள் யார் தெரியுமா? திப்புவின் பகைவர்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கிழக்கிந்தியக் கும்பினி தன் படையினருக்காக ஒரு பதக்கம் அடித்தது. தங்கம் முதல் தகரம் வரை, தகுதிக்கேற்ற உலோகத்தில் வழங்கப்பட்டது. அதன் ஒரு பக்கத்தில் பிரித்தானியச் சிங்கம் ஒரு புலியை வீழ்த்துகிறது. மேலே பறக்கும் கொடியில் அரபு எழுத்தில் அதே தொடர், அசதுல்லாஹில் ஃகாலிப். திப்புவின் பூட்டிலும் பீரங்கியிலும் இருந்த எழுத்தைச் சொல்லுக்குச் சொல் எடுத்து, சிங்கம் நாங்கள்தான் என்று பொருளை மாற்றிவிட்டார்கள்.

இது வெறும் கேலியன்று. திப்புவின் சின்னத்தில் ஒரு நெகிழ்வு இருந்தது. அரபுத் தொடர் சிங்கத்தைச் சொன்னது, உருவம் புலியைக் காட்டியது. ‘ஷேர்’ என்னும் சொல் பாரசீகத்தில் சிங்கத்தையும் இந்துஸ்தானியில் புலியையும் குறிக்கும் நிலத்தில் அது முரணாகத் தோன்றவில்லை. அந்த இடைவெளியைக் கண்டுபிடித்து அதில் ஆப்பை இறக்கியவர் கும்பினிக்காகப் பதக்கம் வடிவமைத்தவர். அரபு எழுத்து நம்முடையது, எனவே அதன் பொருளும் என்றென்றும் நம்முடையது என்று எண்ணியிருப்போருக்கு இப்பதக்கம் ஒரு பாடம்.

நம் வாசிப்பின் குறை

சேகரிப்பாளர் எழுத்தை அணியாகப் பார்த்தார் என்றால், நாம் அதனைத் தபர்ருக்காகப் பார்க்கிறோம். மேடைகளில் திப்புவின் வாளையும் துப்பாக்கியையும் பற்றிப் பேசும்போது குரல் உயர்கிறது. அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் அவை அமைதியாகிறது. போற்றுவதற்கு முன் சில கடினமான வினாக்களை நாம் எதிர்கொள்ள வேண்டும். அவற்றை ஏலச்சாலையார் கேட்கமாட்டார்கள், நாம்தான் கேட்கவேண்டும்.

முதலாவது, தங்கம். நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் ஃபத்ஹுல் முஈன், பொன்னானியின் ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் இயற்றியது. போர்த்துக்கீசியரை எதிர்த்து நின்ற கடற்கரையின் வரலாற்றைத் துஹ்ஃபதுல் முஜாஹிதீன் என எழுதியவரும் அவரே. போர்க்கருவியை நன்கறிந்த காலத்தவர். ஷாஃபிஈ மத்ஹபின்படி ஆண்கள் போர்க்கருவிகளை, வீண்விரயம் இன்றி, வெள்ளியால் அணிசெய்யலாம். தங்கத்தால் செய்தல் ஆகாது. ஹனஃபி நூல்களிலும் வாள்பிடிக்கு வெள்ளி இசைவு பெறுகிறது, தங்கம் பெறுவதில்லை. நெருப்பிலிட்டால் ஒன்றும் தேறாத வெறும் முலாம் குறித்து ஃபகீஹுகள் தனியே பேசியிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் எஃகைக் கீறிப் பொன்கம்பியை அடித்திறக்கும் இழைப்பு வேலை அத்தகைய முலாம் அன்று. ஆக, வெள்ளிப்பூண் இட்ட திப்புவின் துப்பாக்கி ஃபிக்ஹின் எல்லைக்குள் நிற்கிறது, பொன்னிழைத்த பூட்டு அதனைக் கடக்கிறது. இதனைச் சொல்வது சுல்தானுக்கு இழிவன்று. அரசர்களின் பொருள்கள் ஷரீஅத்தின் அளவுகோல் அல்ல என்பதை நினைவூட்டுவது மட்டுமே.

இரண்டாவது, உருவம். உயிருள்ளவற்றின் உருவத்தைச் செய்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு, செய்தே தீரவேண்டுமாயின் மரத்தையும் உயிரற்றவற்றையும் செய்யுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவுரை கூறிய செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. உருவம் செய்வதை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எப்பொருளிலும் விலக்குகிறார்கள். காலால் மிதிபடும் விரிப்பு போன்றவற்றில் இருப்பதைப் பயன்படுத்துவதற்கு மட்டுமே இடமளிக்கிறார்கள். சுல்தானின் துப்பாக்கி மிதிபடும் பொருளன்று. பூட்டின் குதிரையாக நிற்கும் புலிக்கு முழுத்தலையும் கண்ணும் பல்லும் உண்டு.

அதே படைக்கொட்டிலில்தான் எழுத்தாலான புலிமுகமும் உருவானது. உருவத்தை எழுத்தில் கரைத்த அக்கலைஞர் விலக்கை மதித்தும் சின்னத்தை விடாதும் ஒரு வழி கண்டார் என்று கொள்ளலாம். பக்கத்தில் இருந்தவர் தயங்காமல் புலியையே செதுக்கினார். இருவரும் ஒரே அரசுக்குச் செய்தார்கள். இஸ்லாமியக் கலை என்று ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடும் மரபுக்குள் இப்படி ஒரு விவாதம் எஃகிலேயே நடந்திருக்கிறது. அதனை மறைத்துவிட்டு எல்லாம் மார்க்கத்திற்கு உகந்ததே என்று சொல்வதும் பொய், மார்க்கத்திற்குப் புறம்பானது என்று அனைத்தையும் ஒதுக்குவதும் அறியாமை.

மூன்றாவது வினா எங்கள் மண்ணைச் சார்ந்தது. நான் இதனை எழுதும் ஆவூர், திருச்சிராப்பள்ளிக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்ட பகுதி. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சேசு சபையார் அமைத்த தேவாலயத்தால் அறியப்பட்ட ஊர். புதுக்கோட்டைத் தொண்டைமான் கும்பினியின் நட்பு அரசர். ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பக்கம் நின்றவர். 1781இல் ஹைதர் அலியின் படைகள் தஞ்சை, திருச்சிச் சீமைகளில் புகுந்தபோது இப்பகுதி மக்கள் அத்துப்பாக்கிகளின் எதிர்ப்பக்கத்தில் இருந்தார்கள். அழிந்த பயிர் எச்சமயத்தவருடையது என்று எந்தப் படையும் பார்க்கவில்லை. எதிரணியில் இருந்த நவாபும் முஸ்லிமே. மைசூர்த் துப்பாக்கியின் அழகை வியக்கும் உரிமை எனக்குண்டு. ஆனால் அது யாரை நோக்கி நீட்டப்பட்டது என்பதை மறக்கும் உரிமை எனக்கில்லை. ஆயுதத்தைக் கலைப்பொருளாகப் படிக்கும் எவரும், எங்கிருந்தாலும், இச்சுமையைத் தூக்கியே ஆகவேண்டும்.

எஞ்சியிருப்பவை

மைசூர்ப் பொருள்கள் கொள்ளை போனதால் பாதுகாக்கப்பட்டன என்னும் வாதம் ஒன்றுண்டு. அதன் கசப்பான பாதி உண்மையை மறுக்க இயலாது. விண்ட்சர், போவிஸ் கோட்டை, லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், லீட்ஸ் படைக்கல அருங்காட்சியகம் ஆகியவற்றில் அவை துருவேறாமல் உள்ளன. தஞ்சை அரசு 1855இல் கும்பினி வசமான பின்னர் அரண்மனைப் படைக்கொட்டிலுக்கு நேர்ந்ததோ வேறு. சிறந்தவை சில சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன, பெருந்தொகையானவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயின. அதற்கு முன், 1801இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கும்பினி வெளியிட்ட பிரகடனம் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதையே தடுத்தது. ஆகவே தமிழகத்துத் துப்பாக்கிகள் நம் அலட்சியத்தால் மட்டும் அழியவில்லை, அழிக்கப்பட்டன. பாதுகாத்தவரும் அழித்தவரும் ஒரே ஆட்சியினர் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அவ்வாதம் முழுமைபெறும்.

மீட்சிக்கு வழியே இல்லை என்பதும் சரியன்று. கண்டியிலிருந்து டச்சுக்காரர் 1765இல் கவர்ந்துசென்ற லெவ்கே பீரங்கியையும் வாள்களையும் இரண்டு சுவர்த்துப்பாக்கிகளையும் உள்ளிட்ட ஆறு பொருள்களை நெதர்லாந்து 2023இல் இலங்கைக்குத் திருப்பியளித்தது. அதற்கு முன் இரு நாட்டு அறிஞரும் சேர்ந்தமர்ந்து, ஒவ்வொரு பொருளையும் படித்து, அது எங்கே செய்யப்பட்டது, எவ்வாறு எடுத்துச்செல்லப்பட்டது என ஆராய்ந்தனர். உரிமை கோருவதற்கு முன் வாசிப்பு வந்தது. நாமோ வாசிக்காமலே உரிமை பேசுகிறோம்.

உள்நாட்டில் எஞ்சியிருப்பவற்றுக்குச் சட்டம் தடையன்று. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பழுதுபார்த்தும் சுடப் பயன்படாத பழங்காலத் துப்பாக்கிகளுக்கு விலக்களிக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்தவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. குடும்பங்களில் பழைய பூட்டோ குழலோ இருந்தால் அதனைத் தேய்த்து மினுக்காமல், கழற்றாமல், படமெடுத்து அருங்காட்சியகத்தாரிடம் காட்டுவதே செய்யத்தக்கது. தேய்க்கும் மணல் முதலில் எழுத்தைத்தான் தின்னும்.

அரபுக் கல்லூரிகள் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. நஹ்வும் ஸர்ஃபும் ஓதும் மாணவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தின் படைக்கலப் பகுதிக்கு ஒருமுறையேனும் செல்லட்டும். நாணயங்களிலும் கல்வெட்டுகளிலும் உலோகங்களிலும் உள்ள அரபு, பாரசீக எழுத்துகளைப் படித்துப் பெயர்த்தெழுதும் பயிற்சி பாடத்திட்டத்தில் ஓராண்டேனும் இடம்பெறட்டும். கிதாபில் உள்ள எழுத்தை மட்டுமே படிப்போம், இரும்பில் உள்ளதைப் பிறர் படிக்கட்டும் என்று விட்டதனால்தான், அசதுல்லாஹ்வின் பொருளைப் பிறர் மாற்றியபோதும் நாம் அறியவில்லை.

அம்மாணவர் இப்போது வேறோர் ஊரில் இமாமாக இருக்கிறார். அண்மையில் சந்தித்தபோது 1222இன் கணக்கை அவருக்கு விளக்கி, அன்று நான் தவறாகச் சொல்லிவிட்டதையும் ஒப்புக்கொண்டேன். தாளில் ஸீன், அலிஃப், ஹா, ரா என்று எழுதி அவரே கூட்டிப் பார்த்தார். நாற்பத்தேழு வந்தது. பிறகு, ‘அந்தக் கம்மியரைப் பிழைபட்டவர் என்று மற்ற மாணவர்களிடமும் சொல்லிவிட்டேனே, ஹஜ்ரத்’ என்றார். அவர்களுக்கும் சேர்த்தே இதனை எழுதினேன்.